அடுக்களையில் ஒளிந்திருந்த ஏடு

வங்கத்திலும் மராட்டியத்திலும் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம், அந்நாட்டு மக்களின் கோயில்களையும் திருவிழாக்களையும் நன்கு அறிவோம். அங்காடியில் பேரம் பேசும் அளவுக்கு அவர்தம் மொழியையும் கற்றிருக்கிறோம். ஆனால், அம்மொழிகளில் பெண்மக்கள் எழுதிவைத்த வாழ்க்கை வரலாறுகளை நம்முள் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அத்தகைய நூல்களுள் இரண்டைப் பற்றி ஈண்டுச் சிந்திப்போம்.

முதலாவது, ராசசுந்தரி தேவி வங்க மொழியில் எழுதிய 'ஆமார் ஜீபன்'. 'என் வாழ்க்கை' என்பது இதன் பொருள். வங்கத்தின் முதல் தன்வரலாற்று நூலென அறிஞர் பலரும் இதனைப் போற்றுவர். 1810ஆம் ஆண்டையொட்டிப் பப்னா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இவ்வம்மையார், 12ஆம் வயதில் மணமாகிப் புக்ககம் சென்றார். 12 மக்களுக்குத் தாயானார். எழுத்தறிந்த பெண் கைம்பெண் ஆவாள் என்னும் அச்சம் நாட்டில் நிலவிய காலம் அது. எனினும், சமய நூல்களைத் தாமே படித்தல் வேண்டும் என்ற வேட்கை அவர் நெஞ்சில் தணியவில்லை. வீட்டிலிருந்த 'சைதன்ய பாகவத'த்தின் ஏடொன்றை எவரும் அறியாமல் எடுத்து அடுக்களையில் ஒளித்துவைத்தார்; மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். இளமையில் பள்ளிச் சிறுவர் ஓதக் கேட்டு மனத்தில் பதிந்திருந்த ஒலிகளைத் துணையாகக் கொண்டு, ஓலையின் எழுத்தையும் ஏட்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, சிறுகச் சிறுகப் படிக்கக் கற்றார்.

இவர் பட்டம் பெற்றவரல்லர், பதவி வகித்தவருமல்லர். பின் இவர் செய்த சாதனைதான் யாது? தம் உள்ளத்து வேட்கையும் மதிக்கத்தக்கதே என்று அவர் துணிந்ததுதான் அது. தன்னலம் வேறு, தன்மதிப்பு வேறு. வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்றையும் அவர் கைவிடவில்லை. ஆயின், அப்பணிகளின் மிகுதியால் தாம் உண்ணவும் இயலாது கழிந்த பொழுதுகளை மறையாது எழுதிவைத்தார். மன்னர் வரலாறுகள் காட்டாத அடுக்களை வாழ்வு இவ்வாறு வரலாற்றுள் இடம்பெற்றது.

இரண்டாவது, டாக்டர் ஆனந்திபாய் ஜோஷியின் வரலாறு. 1865ஆம் ஆண்டில் பிறந்த இவர், தம் குழந்தையைப் பிறந்த சில நாட்களிலேயே இழந்தார். மருத்துவக் கல்வியில் நாட்டங்கொண்டு, 1883இல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கா சென்றார். 1886இல் பிலடெல்பியாவில் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பியவர், மருத்துவப் பணியைத் தொடங்குமுன்னரே, 1887இல் காலமானார். வயது 22கூட நிறையவில்லை.

இவர் வரலாற்றை முதலில் நூலாக்கியவர் கரோலின் ஹீலி டால் என்னும் அமெரிக்க மாது, ஆண்டு 1888. பின்னர், 1912இல், காசிபாய் கானிட்கர் அதனை மராட்டியில் எழுதினார். காசிபாயும் திருமணத்திற்குப் பின்னரே எழுத்தறிந்தவர். எழுதப் படிக்கத் தட்டுத் தடுமாறிக் கற்ற ஒரு பெண், கடல் கடந்து கற்ற மற்றொரு பெண்ணின் வரலாற்றைத் தம் தாய்மொழியில் எழுதினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆனந்திபாய் பட்டம் பெற்ற அதே 1886இல்தான் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார். காசிபாயின் நூல் வெளிவந்த 1912இல் அவர் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1964இல் தம் வரலாற்றையும் நூலாக வெளியிட்டார். இவர்தம் வரலாறுகளை ஒருங்கே வைத்துப் படிக்கும்போது, மொழியால் வேறுபட்ட பெண்மக்களின் முயற்சி ஒரே நெடுவழியில் நடந்திருப்பதைக் காண்கிறோம்.

இத்தகைய நூல்களை நம் இல்லத்துப் பெண்கள் படித்தல் வேண்டும். ஆடவரும் உடனிருந்து படித்தல் நன்று. அதற்குப் பொழுது ஏது என்று கேட்கலாம். ராசசுந்தரிக்குப் பொழுது இருக்கவில்லை. அவர் அதனைத் திருடிக்கொள்ள நேர்ந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்நிலை வராமல் இருக்க, அடுக்களை வேலையில் ஒரு பங்கை நாம் அனைவரும் ஏற்றுக்கொள்வோமாக.