பணம் கடந்த எல்லை, புகார் கடக்காத எல்லை: பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சேமிப்பாளர் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தென் திருவிதாங்கூரின் எல்லை வரலாறு பெரும்பாலும் மொழிப் போராட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதுவரை ஆரல்வாய்மொழியில் இருந்த ஆட்சி எல்லை, களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில் வந்து அமர்ந்தது. சந்தையும் உறவும் சீட்டும் அக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பணத்தை இழந்தவர் நீதி கேட்கப் புறப்பட்டபோது, அக்கோடு உண்மையான கோடாகவே இருந்தது.

இச்சிக்கல் 1956இல் பிறந்ததன்று. 1912இல் திருவல்லாவில் தோன்றிய திருவிதாங்கூர் நேஷனல் பேங்கும், 1919இல் தோன்றிய குயிலோன் பேங்கும் 1937இல் ஒன்றாயின. திருவிதாங்கூரில் வேரூன்றிய அவ்வங்கியின் மைய அலுவலகம் சென்னையில் இயங்கியது. ஒரு கால் சமஸ்தானத்திலும் மறு கால் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஊன்றியிருந்தமை வளர்ச்சிக் காலத்தில் அதற்கு வலிமையாக இருந்தது. 1938 ஜூன் 21 அன்று அது பணம் வழங்குவதை நிறுத்தியபோது அதே அமைப்பு சேமிப்பாளருக்குச் சுமையாயிற்று. திவான் சி. பி. ராமசாமி ஐயருடனான அரசியல் பகை அவ்வீழ்ச்சியில் வகித்த பங்கு இன்றும் விவாதத்துக்கு உரியது. கே. சி. மாம்மன் மாப்பிள்ளை சென்னையில் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நிறுவனரை எல்லை கடத்திக் கொண்டுவர அரசுக்கு வழி இருந்தது. சேமிப்பாளரின் பணத்துக்கு அத்தகைய விரைவான வழி இருக்கவில்லை.

1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் பேங்க் கேரள உயர் நீதிமன்ற ஆணைப்படி மூடப்பட்ட பின்னரே வைப்புத்தொகைக் காப்பீடு சட்டமாயிற்று. 1962 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு சேமிப்பாளருக்கும் 1,500 ரூபாய் வரை பாதுகாப்புக் கிட்டியது. அவ்வரம்பு 1993இல் 1 லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் 5 லட்சமாகவும் உயர்ந்தது. வங்கி மூழ்குமோ என்ற அச்சம் இவ்வாறு படிப்படியாகத் தணிந்தது. அதன் பின் சேமிப்பாளரின் மனக்குறை வங்கியின் வீழ்ச்சியிலிருந்து வங்கியின் கட்டணத்துக்கு இடம் பெயர்ந்தது.

அவ்விடப்பெயர்ச்சி இப்பகுதியில் தெளிவாகப் புலப்பட்ட நாள் 2017 ஏப்ரல் 1. எல்லையின் இருபுறத்தும் மக்கள் தம் வங்கியாகக் கருதிய ஸ்டேட் பேங்க் ஆப் திருவாங்கூர், 1945இல் திருவாங்கூர் பேங்காகத் தொடங்கியது, அன்று ஸ்டேட் பேங்க் ஆப் இந்தியாவில் கலந்தது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தை ஸ்டேட் பேங்க் மீண்டும் கொண்டுவந்ததும் அதே நாளில்தான். சிற்றூர்க் கிளைகளில் 1,000 ரூபாயும், சிறு நகரக் கிளைகளில் 2,000 ரூபாயும் மாதச் சராசரி இருப்பாக நிற்கவேண்டும்.

இங்கே 'சராசரி' என்ற சொல்லே சிக்கலின் மையம். ஒவ்வொரு நாளின் இறுதி இருப்பையும் கூட்டி மாதத்தின் நாட்களால் வகுத்துக் கிடைப்பதே அது. பாலராமபுரம் நெசவாளரோ ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியோ 6,000 ரூபாய் கூலியைக் கணக்கில் பெற்று நான்காம் நாள் எடுத்துவிட்டால், சராசரி 1,000 ரூபாயைத் தொடாது. கணக்கில் பணம் வந்ததை அவர் அறிவார். அபராதம் ஏன் வந்தது என்பதை அறியார். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை நாடு முழுவதும் ஸ்டேட் பேங்க் இவ்வகையில் ஈட்டிய தொகை 1,771 கோடி ரூபாய். குறைந்தபட்ச இருப்பே தேவையற்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்கு 2012 முதல் விதிகளில் இருந்தது. இருப்புக் குறைந்தால் முன்னறிவித்து ஒரு மாத அவகாசம் தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதியும் 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருந்தது. உரிமை இருந்தது, அதைக் கேட்டுப் பெறவேண்டியவர் சேமிப்பாளராகவே இருந்தார். 2018 ஏப்ரலில் அபராதம் குறைக்கப்பட்டு, 2020 மார்ச்சில் கைவிடப்பட்டது.

2017ஆம் ஆண்டிலேயே இன்னொரு நிகழ்வும் நேர்ந்தது. பாறசாலையை ஒட்டி, தமிழ்நாட்டுப் பக்கத்துப் பளுகலில் இயங்கிய நிர்மல் கிருஷ்ணா சிட்டு நிதி நிறுவனம் செப்டம்பரில் மூடப்பட்டது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் கேரளத்தவர். நிறுவனமோ கன்னியாகுமரி மாவட்டத்தில். நடந்தே போய்ப் பணம் கட்டிய தொலைவுதான் அது. ஆயினும் விசாரணை தமிழ்நாட்டுப் பொருளாதாரக் குற்றப் பிரிவின் பொறுப்பாயிற்று. இரு மாநிலங்களுக்கும் தனித்தனி வைப்பாளர் பாதுகாப்புச் சட்டங்கள்: தமிழ்நாட்டில் 1997இல் இயற்றியது, கேரளத்தில் 2013இல் இயற்றியது. 1938இன் சிக்கல் சிறிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

வங்கித் துறையில் மட்டும் இவ்வெல்லை அண்மையில் அழிந்தது. 1995இல் தொடங்கிய வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கிளை இருக்கும் இடமே புகாரின் இடம்: பாறசாலைக் கிளையென்றால் திருவனந்தபுரம், களியக்காவிளைக் கிளையென்றால் சென்னை. 2021 நவம்பர் 12 அன்று வந்த ஒருங்கிணைந்த திட்டம் அவ்வட்டார வரம்பை நீக்கிற்று. பதிவுபெறாத வைப்புத் திட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தபோதிலும், அதன் அமலாக்கம் மாநிலங்களின் கையிலேயே உள்ளது.

எல்லைக் கிராமத்தார் வங்கியை விட்டுச் சீட்டை நாடுவதை அறியாமை என்றோ பேராசை என்றோ விளக்குவது எளிது. அபராதம் பிடிக்கும் நிறுவனத்தின் மீது அவநம்பிக்கையும், முகம் தெரிந்த நிறுவனத்தின் மீது நம்பிக்கையும் ஒரே அனுபவத்தின் இரு பக்கங்கள். சட்டம் காப்பது முதலாவதை. மக்கள் நெருக்கமாக உணர்வது இரண்டாவதை. இவ்விடைவெளியை அளக்காமல் எழுதப்படும் எல்லை வரலாறு, மொழியைக் கூறும், வாழ்வைக் கூறாது.