கொள்ளைநோய்க் காலத்துப் பயணிகள்

கொள்ளைநோய்க் காலத்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் உரிமை யாருக்கு உண்டு? நோய்க்கிருமி ஏழை, செல்வன் என்று பாகுபாடு பார்ப்பதில்லை என்பர். கிருமியைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். நோயின் பெயரால் இயற்றப்பட்ட சட்டங்களையும் அவை நடைமுறைப்பட்ட விதத்தையும் ஆராய்ந்தால், அவ்வாறு கூறிவிட முடியாது.

கொவிட் நோய் உலகெங்கும் பரவிய 2020ஆம் ஆண்டில், ஜூலை 15ஆம் நாள் மாலைதீவு உல்லாசப் பயணிகளுக்குத் தன் வாயிலைத் திறந்துவிட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் அமைப்பு அங்கு முன்னரே இருந்தது. ஆதலின், விடுமுறையைக் கழிக்கச் சென்ற குடும்பங்கள் பிறர் நெருங்காத தனிமையை விலைகொடுத்து வாங்க முடிந்தது. அதே நாட்டின் தலைநகராகிய மாலேயில், ஓர் அறையிலே பலராக அடைந்து கிடந்த வங்காளதேசத் தொழிலாளரிடையே நோய் மூண்டெழுந்து பரவியது. 2021 ஏப்ரலில் இந்திய நகரங்களில் மக்கள் ஒட்சிசனுக்காகத் தவித்துக்கொண்டிருந்தபோது, அந்நாட்டின் வசதி படைத்தோர் சிலர் குடும்பத்தோடு அத்தீவுகளுக்குப் பறந்தனர். தென்னாசியப் பயணிகளுக்கு மாலைதீவு கதவடைத்தது மே 13ஆம் நாளிலேதான்.

இனி, நமது தீவின் நிலையைப் பார்ப்போம். மேல் மாகாண எல்லையை அடுத்து, கொழும்பு–கண்டி வீதியில் அமைந்த ஊர் வரக்காப்பொல. சப்ரகமுவவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்தும் மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் கொழும்புக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வேலை தேடிச் செல்லும் இளைஞர்கள் இவ்வீதியாலேயே போகின்றனர். பண்டிகைக்கு வீடு திரும்புவதும் இவ்வீதியாலேயே. 2020 நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி. நவம்பர் 15 வரை மேல் மாகாணத்தை விட்டு எவரும் வெளியேறலாகாது என அரசு தடை விதித்தது. நோய் பரவாதிருக்க அத்தடை வேண்டியதே என்று கொள்வோம். ஆனால், தீபாவளி கழிந்து 44ஆம் நாள், டிசம்பர் 28இல், உக்ரேனிலிருந்து ஏறக்குறைய 180 உல்லாசப் பயணிகள் மத்தள விமான நிலையத்தில் வந்திறங்கினர். பிற மக்களோடு கலவாமல் அவர்களைச் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்யப்பட்டது. அவர்களுள் சிலருக்கு நோய் இருந்தமை பின்னர் தெரியவந்தது, திட்டமோ தொடர்ந்தது. லயன் காம்பராவிலிருக்கும் தாயைக் காணச் செல்பவன் நோய் காவி. யால வனத்தில் யானை காணச் செல்பவர் நாட்டின் விருந்தினர்!

உல்லாசப் பயணத் தொழிலை நம்பிப் பல இலட்சம் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும் அவை அன்று வருவாயிழந்து வாடின என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தோர் அவர்கள் மட்டுமல்லர். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலானபோதும் தேயிலைத் தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. அன்று தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 1,000 ரூபா என்ற கோரிக்கை வர்த்தமானியில் இடம்பெற 2021 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வேறுபாடு நேற்றுத் தோன்றியதன்று. 2020இல் நம்மைத் தனிமைப்படுத்தப் பயன்பட்ட சட்டம் 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடைக் கட்டளைச் சட்டமாகும். அதற்கு முந்திய ஆண்டிலேதான் பம்பாயில் பிளேக் தோன்றியிருந்தது. அக்காலத்தில் கடல் கடந்து இத்தீவுக்குப் பெருந்தொகையாக வந்தவர்கள் தென்தமிழகத்து ஏழைகளே. கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகப் பலிகொண்டன. தேயிலைக் காலத்திலோ கங்காணியின் பின்னே குடும்பம் குடும்பமாக வந்தனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் மண்டபம் முகாமே அவர்களின் வாயிலாயிற்று. அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். தோட்டத்துக்கு ஆள் வேண்டும், நோய் வேண்டாம் என்பதே அம்முகாமின் நியாயம். வந்தவர் லயனில் எவ்வாறு வாழ்வர் என்னும் கவலைக்கு அதில் இடமிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பியனுப்பப்பட்டவர்களையும், பின்னர் போருக்கு அஞ்சி ஓடிய ஈழத்து அகதிகளையும் அதே மண்டபமே ஏற்றது. வந்தபோதும் முகாம், போனபோதும் முகாம்.

ஆனால், நோய்க் காலத்தில் வேறு வகைப் பயணிகளையும் நமது கேகாலை மாவட்டம் கண்டிருக்கிறது. 1934இல் மழை பொய்த்தது. மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகியது. 1934–35 மலேரியாவில் நாடெங்கும் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். மிகுதியாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. பொருளாதார மந்தத்தால் முன்னரே பட்டினியில் மெலிந்திருந்த சிங்களக் குடியானவர்களுக்குக் கொயினாவோடு உணவும் தேவைப்பட்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து இக்கிராமங்களுக்கு வந்தனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் முன்னின்றனர். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என அன்போடு அழைத்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மறு ஆண்டு ருவன்வெல்லத் தொகுதி மக்கள் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

நோய் பரவிய காலத்தில் பயணம் செய்தவர்கள் இவர்களுந்தான். பிழைக்க வந்தவரை முகாமில் அடைத்தனர். உல்லாசமாய் வந்தவருக்கு வாயில் திறந்தனர். மக்களுக்காக வந்தவரை மக்களே வரவேற்றனர். இம்மூவகைப் பயணங்களையும் அருகருகே வைத்து நம் மாணவருக்குக் கற்பிப்பது ஆசிரியராகிய நமது கடமை. தனிமைப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கும் சட்டம், தனித்திருக்க ஓர் அறையும் அந்நாட்களுக்கு உணவும் கூலியும் உழைப்பாளிக்கு வழங்கும் பொறுப்பையும் அரசின்மீது சுமத்த வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வருமுன் நாம் ஒன்றுபட்டு எழுப்ப வேண்டிய கோரிக்கை இதுவே.