இந்தியன் ஓப்பன் ஸ்னூக்கர்

இந்தியன் ஓப்பன், 2013 முதல் 2019 வரை இந்திய நகரங்களில் ஐந்து முறை நடந்த தொழில்முறை ஸ்னூக்கர் போட்டி. உலகத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கப்படும் போட்டி இந்த நாட்டுக்கு வந்தது இதன் மூலம்தான்.

இத்தனைக்கும் ஸ்னூக்கர் பிறந்ததே இங்கேதான். 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் நிறப் பந்துகளைச் சேர்த்து ஆடிப்பார்த்தார் (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லேன்). 1882 வாக்கில் உதகமண்டலத்தில் விதிகள் ஒழுங்குபட்டு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டன. தொழில்முறை உலகப் போட்டி 1927இல் இங்கிலாந்தில் தொடங்கியது. ஜோ டேவிஸ் வென்றார். அதற்கு 86 ஆண்டுகள் கழித்தே இந்தியன் ஓப்பன் வந்தது.

முதல் போட்டி 2013 அக்டோபரில் டெல்லியில், நட்சத்திர விடுதி ஒன்றில் நடந்தது. மும்பைக்காரர் ஆதித்ய மேத்தா அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மக்வைரை வீழ்த்தினார். தரவரிசைப் போட்டியொன்றின் இறுதிக்குப் போன முதல் இந்தியர் அவர்தான். இறுதியில் சீனாவின் டிங் ஜுன்ஹுய் ஒரு ஃபிரேம்கூட விட்டுக்கொடுக்காமல் 5-0 என முடித்துவிட்டார். தோல்விதான், ஆனாலும் ஐந்து போட்டிகளிலும் இந்திய ரசிகருக்கு நினைவில் நிற்பது அந்த வாரம்தான்.

விடுதி அரங்கில் ஸ்னூக்கர் மேசை போடுவது லேசான வேலை அல்ல. 12 அடி நீள மேசையில் கனத்த கற்பலகைகளைச் சமன்செய்து, மேலே கம்பளித் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். துணியின் மயிரிழைகள் ஒரே திசையில் படிந்திருக்கும். மெல்ல உருளும் பந்து அந்தப் போக்குக்கு ஏற்ப ஒதுங்கும். காற்றில் ஈரம் ஏறினால் துணி கனத்துப் பந்தின் வேகம் குறையும். அதனால்தான் கற்பலகைக்கு அடியில் சூடேற்றும் கருவி வைக்கிறார்கள்.

2015 மார்ச்சில் மும்பையில் வேல்ஸின் மைக்கேல் வைட் ரிக்கி வால்டனை 5-0 என வென்றார். 2016இல் ஹைதராபாத், ஆண்டனி மெக்கில் வெற்றி. மறு ஆண்டு விசாகப்பட்டினத்தில் அதே மெக்கிலை ஜான் ஹிக்கின்ஸ் 5-1 எனத் தோற்கடித்தார். வைட், மெக்கில் இருவருக்கும் இந்தியன் ஓப்பனே முதல் தரவரிசைப் பட்டம். பெரிய பெயர்கள் நீண்ட பயணத்துக்குத் தயங்கும் போட்டிகளில் புதியவர்களுக்கு வழி திறப்பது வழக்கம்தான்.

ஐந்தில் மூன்று தென்னிந்தியாவில் நடந்தும் தமிழ்நாட்டுக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. ஊட்டியின் பெயரை உரிமையோடு சொல்லிக்கொள்ளும் மாநிலத்துக்கு இது குறைதான்.

கடைசிப் போட்டி 2019இல் கொச்சியில் நடந்தது. மார்ச் 3 அன்று நடந்த இறுதியில் இங்கிலாந்தின் மேத்யூ செல்ட், சீனாவின் லியூ ஹாவ்தியானை 5-3 என வென்று தம் முதல் தரவரிசைப் பட்டத்தைப் பெற்றார். அடுத்த பருவத்தின் அட்டவணையில் இந்தியன் ஓப்பன் இடம்பெறவில்லை.