எட்டை இடித்துக் கட்டிய ஒன்று: லண்டன் நம்பர் 1 பௌல்ட்ரி

லண்டனில் பேங்க் சந்திப்பு கிட்டத்தட்ட ஒரு கட்டடக்கலை மியூசியம். இங்கிலாந்து வங்கி, ராயல் எக்ஸ்சேஞ்ச், மேன்ஷன் ஹவுஸ், நம்ம புதுடெல்லிப் புகழ் லட்யன்ஸ் வடிவமைத்த மிட்லண்ட் வங்கி எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். இந்தப் பாதுகாப்புப் பகுதியின் முக்கோண மூலையில், இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக வரி வரியாய்க் கல் பதித்து, கப்பல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது நம்பர் 1 பௌல்ட்ரி.

முதலில் பீட்டர் பலம்போ இங்கே கொண்டுவர நினைத்தது மீஸ் வான் டெர் ரோவின் கண்ணாடிக் கோபுரத்தை. 1985-இல் அது நிராகரிக்கப்பட்டது. உடனே ஜேம்ஸ் ஸ்டர்லிங்கைப் பிடித்தார். சிக்கல் என்னன்னா, எதைக் கட்டினாலும் பட்டியலிடப்பட்ட எட்டு விக்டோரியக் கட்டடங்களை இடிக்கணும். மூலையில் கூர்முனைக் கோபுரத்தோடு நின்ற மேப்பின் அண்ட் வெப் கட்டடமும் அதில் ஒன்று. இளவரசர் சார்லஸ் ஸ்டர்லிங்கின் வரைபடத்தை 1930-களின் வயர்லெஸ் பெட்டியோடு ஒப்பிட்டார். (ஒப்பீடு அவ்வளவு தப்பில்லை, ஆனால் அந்தக் கால ரேடியோ அழகாத்தானே இருக்கும்?) அமைச்சர் கொடுத்த அனுமதியை எதிர்த்து மரபுப் பாதுகாப்பு அமைப்பான சேவ் கோர்ட்டுக்குப் போனது. 1991-இல் பிரபுக்கள் சபை அனுமதி செல்லும் என்றது. வரப்போகும் கட்டடம் இருப்பதைவிட மேலானது என்ற காரணத்துக்காகவே, பட்டியலில் உள்ளதை இடிக்கலாம் என்றாகிவிட்டது. ஆபத்தான வாசல்தான். எந்த பில்டர் தன் டிசைனை மட்டம் என்று சொல்வான்?

ஸ்டர்லிங் 1992-இல் இறந்துவிட்டார். கூட்டாளி மைக்கேல் வில்ஃபோர்ட் வேலையை முடித்தார். நடுவே அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது கி.பி. 47-ஐச் சேர்ந்த ரோமானிய மர வடிகால் கிடைத்தது தனிக்கதை.

என்னைக் கேட்டால், இதன் மதிப்பு மூலையைத் திருப்பிய விதத்தில் இருக்கிறது. மீஸ் கோபுரம் வந்திருந்தால் அந்தக் கூர்மூலையே போய், திறந்த சதுக்கம் ஆகியிருக்கும். ஸ்டர்லிங் பழைய தெருக்கோட்டை விடவில்லை. இரண்டு தெருக்களும் சேரும் முனையில், பழைய கோபுரம் நின்ற இடத்திலேயே இன்னொரு கோபுரம், அதில் ஒரு கடிகாரம். நடுவில் வானம் பார்த்த வட்ட முற்றம், அதன் வழியே யாரும் நடந்து போகலாம்.

பிறகு 2015-இல் உரிமையாளர்கள் இதையும் மாற்ற முனைந்தார்கள். பொதுவாக 30 வருஷம் ஆகாத கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். இதற்கு 20 கூட ஆகவில்லை. ஆனாலும் 2016-இல் கிரேடு 2 ஸ்டார் கொடுத்தார்கள்.

இடித்த எட்டில் ஒன்றிலிருந்து, ராஜ ஊர்வலங்களைக் காட்டும் 1875-ஆம் வருஷத்து டெரகோட்டா சிற்பப் பட்டையைக் கழற்றி, பௌல்ட்ரி பக்கத்து நடைவழியின் மேலே பதித்திருக்கிறார்கள். போனால் அண்ணாந்து பாருங்க.