கீழ்ப்பிரிவு வளர்த்த முறைமை: கிரஹாம் டெய்லரின் கால்பந்து வாழ்வு

கிரஹாம் டெய்லரின் பெயரைச் சொன்னால் இங்கிலாந்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, அவர் மேலாளராக இருந்தபோது 1994 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறத் தவறிய தேசிய அணிதான். 1992 ஐரோப்பியக் கோப்பையில் சுவீடனிடம் 2-1 எனத் தோற்றதும், 'தி சன்' நாளிதழ் அவர் தலையை டர்னிப் கிழங்காக்கிப் படம் போட்டது. உயர் பிரிவில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவரிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்ற வாதமும் அன்று எழுந்தது. இக்கட்டுரை அந்த வாதத்தை மறுக்கிறது. டெய்லரின் பலம் முழுவதும் கீழ்ப்பிரிவு அனுபவத்திலிருந்தே வந்தது. அந்தப் பலம் செயல்படத் தேவையான சூழல் தேசிய அணியில் இல்லை.

ஸ்கன்தார்ப்பில் வளர்ந்த டெய்லர், கிரிம்ஸ்பி டவுன், லிங்கன் சிட்டி ஆகிய அணிகளுக்காகத் தற்காப்பு வரிசையில் 300-க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள் ஆடினார். ஆடிக்கொண்டிருந்தபோதே, 27 வயதில், கால்பந்துச் சங்கத்தின் பயிற்சியாளர் தகுதியைப் பெற்றார். காயத்தால் ஆட்டத்தை விட்டவர், 1972 இறுதியில் 28 வயதில் லிங்கனின் மேலாளரானார். 1975-76 பருவத்தில் அவரது அணி நான்காம் டிவிஷனின் 46 ஆட்டங்களில் 32-ஐ வென்றது. நான்கில் மட்டுமே தோற்றது. அடித்த கோல்கள் 111. வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே வழங்கப்பட்ட அக்காலத்தில் அது 74 புள்ளிகள் எடுத்தது.

1977-இல் பாடகர் எல்டன் ஜான் தலைவராக இருந்த வாட்ஃபோர்டுக்கு அவர் போனார். அதுவும் நான்காம் டிவிஷன் அணிதான். ஐந்தே ஆண்டுகளில் அது முதல் டிவிஷனுக்கு ஏறியது. அங்கு ஆடிய முதல் பருவத்திலேயே, 1982-83-இல், லிவர்பூலுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. அந்தப் பருவத்தில் சண்டர்லாந்தை 8-0 என வீழ்த்திய ஆட்டத்தில் லூதர் பிளிசெட் மட்டும் நான்கு கோல் போட்டார்.

பந்தை உயரத் தூக்கியடிக்கும் முரட்டு ஆட்டம் என்று விமர்சகர்கள் வாட்ஃபோர்டின் பாணியை ஒதுக்கினார்கள். அது அரைகுறைப் பார்வை. பந்து விரைவாக முன்னே போனது உண்மை. ஆனால் இரு ஓரங்களிலும் ஜான் பார்ன்ஸ், நைஜல் கலஹன் என்ற நுட்பமான விங்கர்கள் இருந்தார்கள். எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறிப்பது, இன்று பெரிய அணிகள் பெருமையோடு செய்வது, அன்றே வாட்ஃபோர்டின் அன்றாடப் பழக்கம். பார்ன்ஸை அவர்கள் சட்பரி கோர்ட் என்ற சிறிய உள்ளூர் அணியிலிருந்து கொண்டுவந்தார்கள். அதற்கு ஈடாகக் கொடுத்தது ஒரு செட் சீருடை என்பார்கள். பணமில்லாத அணிக்குத் தேடும் கண்ணும் தினசரிப் பயிற்சியுமே முதல். இரண்டையும் டெய்லர் கற்றது கீழ்ப்பிரிவில்தான்.

ஊரோடு அணியைப் பிணைத்ததும் அதே பள்ளிதான். வீரர்கள் ஊர்ப்பணிக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். கால்பந்து மைதானங்களில் வன்முறை மலிந்திருந்த அந்த ஆண்டுகளில், வாட்ஃபோர்டின் விகாரேஜ் ரோடு மைதானத்தில் குடும்பங்கள் அச்சமின்றி அமரத் தனிப் பகுதி இருந்தது. கோப்பைகளைவிட இதையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

தேசிய அணிக்கு வருவோம். அவரது முதல் 23 ஆட்டங்களில் இங்கிலாந்து ஒன்றில்தான் தோற்றது. சரிவு பிறகு வந்தது: ஆஸ்லோவில் நார்வேயிடம் தோல்வி, ராட்டர்டாமில் நெதர்லாந்திடம் தோல்வி. பார்ன்ஸ், கேஸ்காயின், ஷியரர் மூவரையும் வெவ்வேறு காலங்களில் காயம் முடக்கியது. சுவீடனுக்கு எதிராக முன்வரிசை வீரர் லினகரை வெளியே எடுத்தது போன்ற அவரது தவறுகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு கூடிப் பிரியும் அணியில், தினமும் ஓடவைத்து ஒருங்கிணைக்கும் முறை வேர்விடாது. உயர்பிரிவு அனுபவம் இல்லாததுதான் காரணம் என்றால், 1988-இல் ஆஸ்டன் வில்லாவை இரண்டாம் டிவிஷனிலிருந்து மீட்டு, 1990-இல் முதல் டிவிஷனின் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்ததை எப்படி விளக்குவது?

என் வாதத்துக்கு உறுதியான சான்று பின்னாளில் கிடைத்தது. வாட்ஃபோர்டுக்குத் திரும்பிய டெய்லர், 1998-இல் அதை அன்றைய மூன்றாம் நிலையான இரண்டாம் டிவிஷனில் முதலிடத்துக்கும், 1999-இல் போல்டனை 2-0 என வென்று பிரீமியர் லீக்குக்கும் உயர்த்தினார். 38 சர்வதேச ஆட்டங்களை மட்டும் வைத்து அவரை எடைபோடும் மதிப்பீடு நேர்மையானதல்ல. கால்பந்து வரலாற்றாசிரியர்கள் அதைத் திருத்த வேண்டும்.