வைரஸ் வராத பொட்டி எது?

"மேக் வாங்கினா வைரஸே வராதாமேப்பா?" என்று மகள் கேட்டாள். நான் பி.காம்., வங்கியில் டெபிட்டும் கிரெடிட்டும் பார்க்கிறவன். ஆனாலும் இந்தக் கதை கொஞ்சம் தெரியும். 1999-ல் கண்ணெதிரே பார்த்தேன்.

அந்த வருடம் ஏப்ரல் 26, திங்கட்கிழமை. திருநெல்வேலியில் நான் டேலி படித்த சென்டரில், காலையில் நன்றாக எழுந்த பொட்டிகள் சற்று நேரத்தில் உறைந்து நின்றன. அணைத்துப் போட்டால் வெறும் கறுப்புத் திரை. ஓனர் அண்ணாச்சி கடன் வாங்கி வைத்த கடை. அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வந்தது சிஐஎச். தைவான் மாணவர் சென் இங் ஹாவ் 1998-ல் எழுதியது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதி என்பதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தில் குப்பையை எழுதும். முடிந்தால் மதர்போர்டின் பயாஸையும் அழிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, விண்டோஸ் 95, 98-ஐச் சாய்த்த இந்த வைரஸ் விண்டோஸ் என்.டி.யிடம் பலிக்கவில்லை. இரண்டும் ஒரே கம்பெனி சரக்குதான். எங்கள் பாஷையில் சொன்னால், என்.டி.யில் ஸ்ட்ராங் ரூமுக்கு ஒழுங்கான பூட்டு இருந்தது. 98-ல் உள்ளே வந்த எந்த நிரலும் நேராக லாக்கர் வரை போகலாம்.

சரி, ஆப்பிளுக்கு வருவோம். வீட்டுக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றான எல்க் குளோனர், 1982-ல் ஆப்பிள் 2-க்காகவே எழுதப்பட்டது. எழுதிய ரிச் ஸ்க்ரென்டாவுக்கு வயது 15. பிளாப்பி வழியாகப் பரவி, ஐம்பதாவது தடவை பூட் செய்யும்போது ஒரு பாட்டைக் காட்டும், அவ்வளவுதான். (1986-ல் பிசிக்கு முதலில் வந்த பிரெய்னில், எழுதிய லாகூர் சகோதரர்கள் தங்கள் முகவரியையும் போன் நம்பரையுமே போட்டிருந்தார்கள்!) பலமான யூனிக்ஸும் தப்பவில்லை, 1988 நவம்பரில் மோரிஸ் புழு சுமார் 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிட்டார்கள். 2012-ல் ஜாவா ஓட்டை வழியாக ஃப்ளாஷ்பேக் புகுந்த மேக்குகள் ஆறு லட்சம் இருக்கும்.

2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது, அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அம்மாவின் லேப்டாப்பில் அட்மின் கணக்கைப் பிரித்து பாஸ்வேர்டை நான் வைத்துக்கொண்டேன். பேரப்பிள்ளைகளின் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒரு நகலும் எடுத்தாயிற்று. "என் பொட்டில ஒண்ணு போட நான் நாக்பூருக்கு போன் பண்ணணுமாலே?" என்று இன்னமும் திட்டுகிறாள்.