கண்ணாடி அறையும் பத்தியும்

இலண்டனில் வசிக்கும் என் மருமகன் சென்ற மாசி மாதம் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தான். கிளிநொச்சியில் அக்கா தனியே வாழும் வீட்டின் பின்புறத்தில், கூரை முதல் சுவர் வரை முழுவதும் கண்ணாடியாலான ஒரு நீட்டிப்பு. அதனை மூன்று வலயங்களாகப் பிரித்திருந்தான். செடிகளுக்கு ஒன்று, உணவு மேசைக்கு ஒன்று, தாயார் பகலில் அமர்ந்திருக்க ஒன்று. ஆங்கிலேயர் 'கொன்சவேற்றறி' என அழைக்கும் இவ்வகை அறை அவன் வசிக்கும் தெருவில் பல வீடுகளில் உண்டு. "அம்மா இருட்டுக்குள்ளயே இருக்கிறா மாமா. வெளிச்சமான ஒரு இடம் கட்டிக் குடுக்க வேணும். நீங்கள் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று தொலைபேசியிலும் சொன்னான். ஒன்பது ஆண்டுகளாக ஊருக்கு வர இயலாதிருக்கும் ஒரு மகனின் குரல் அது. எடுத்த எடுப்பிலே 'இது சரிவராது' என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனின் பழக்கம், எதையும் அதன் தொடக்கத்திலிருந்து பார்ப்பது. எனவே மறுமொழி எழுதுமுன் கண்ணாடி அறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். தேடிய இடத்தில் எங்கள் ஊரின் கதையும் அகப்பட்டது. அதனால் இதனை இங்கே எழுதுகிறேன்.

குளிர் நாட்டில் வெப்ப நாட்டுப் பயிரை வளர்க்கும் ஆசையே கண்ணாடி அறையின் வித்து. உரோமப் பேரரசன் திபேரியசின் வெள்ளரிப் பாத்திகளுக்கு, ஒளி புகும் மெல்லிய கல் தகடுகளை மூடிகளாக இட்டதாகப் பிளினி எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் தோடை மரங்களைக் குளிர்காலத்தில் காப்பாற்றப் பெரிய யன்னல்கள் கொண்ட மண்டபங்களைக் கட்டினர். பிரித்தானியாவில் 1746 முதல் கண்ணாடிக்கு வரி இருந்தது. யன்னல்களுக்கோ 1696 முதலே தனி வரி. கண்ணாடி வரி 1845இலும், யன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்டன. அதன் பின்னரே கண்ணாடி நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது. இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பனை இல்லம் 1844க்கும் 1848க்கும் இடையில் எழுந்தது. தோட்டக்காரராக வாழ்வைத் தொடங்கிய யோசப் பக்ஸ்ரன் 1851இல் ஹைட் பார்க்கில் பளிங்கு மாளிகையை எழுப்பினார். அதே கியூவில் 1987இல் திறக்கப்பட்ட இன்னொரு கண்ணாடி இல்லத்தில் பாலைவனம் முதல் மழைக்காடு வரை பத்துக் காலநிலை வலயங்கள் ஒரே கூரையின் கீழ் பேணப்படுகின்றன. மருமகனின் மூன்று வலயங்களுக்கும் மூதாதையர் இவர்களே.

இவை தோட்டக்கலையோடு நின்றுவிடவில்லை. இலண்டன் மருத்துவரான நத்தானியேல் வார்ட், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நீண்ட காலம் உயிர்வாழும் என்பதை 1829 அளவில் கண்டறிந்தார். கப்பலின் மேற்தளத்தில் உப்புக் காற்றுக்குத் தப்பி நாற்றுக்கள் கடல்களைக் கடந்தன. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் வித்துக்களைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட நாற்றுக்கள் அதே ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹா அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்தே இறப்பர் இலங்கையின் ஈரவலயத்திலும் அதற்கப்பாலும் பரவியது.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1958இலும் 1977இலும் நிகழ்ந்த இன வன்முறைகள் அவர்களில் பலரைத் தோட்டங்களிலிருந்து விரட்டின. 1970களின் உணவுப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என வன்னிப் பெருநிலம் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. காடு வெட்டினார்கள், பிறர் வயல்களில் கூலிக்கு உழைத்தார்கள். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத காரணத்தால் பிற்கால வீட்டுத் திட்டங்களிலும் பின்தள்ளப்பட்டோர் அவர்களிடையே பலர். புகலிடம் கொடுத்தோம் என்று பெருமை பேசும் நாம் இதனை அதிகம் பேசுவதில்லை. அக்கா வீட்டுக்கு வழமையாக வேலைக்கு வரும் மேசன், கேகாலை இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து 1977இல் வந்த குடும்பத்தின் மகன். கியூவின் கண்ணாடி இல்லத்துக்கும் எங்கள் வளவுக்கும் தொடர்பில்லை என்று இனி நான் சொல்லமாட்டேன்.

இனி வெயிலுக்கு வருவோம். கண்ணாடி வழியே நுழையும் ஒளி தரையையும் தளபாடங்களையும் சூடாக்குகிறது. அவை காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. இலண்டனில் மார்கழி நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்கே ஏறும். அங்கே இந்தச் சிறை ஒரு வரம். கிளிநொச்சியோ வட அகலக்கோடு ஏறத்தாழ 9.4 பாகையில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி மாதத்திலும் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். மார்கழியிற்கூட நண்பகலில் 57 பாகை. இங்கே கண்ணாடிக் கூரையின் கீழ் ஒரு மனிதரை அமர்த்துவது அவரை அவிப்பதற்கு ஒப்பானது. குளிரூட்டி வைக்கலாம் என்றான் மருமகன். மின்கட்டணத்தை யார் கட்டுவது, மின்சாரம் நின்ற நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டேன். தென்னையும் மாவும் குரங்கும் உள்ள வளவில் கண்ணாடிக் கூரை எத்தனை நாள் தாங்கும் என்பதையும் கேட்டு வைத்தேன்.

இந்த வெயிலோடு வாழ எங்கள் முன்னோர் கண்ட வழி நிழலை அடுக்குவது. நாற்சார் வீட்டின் நடுவே முற்றம், அதனைச் சுற்றித் தாழ்வாரம், வெளியே திண்ணை. குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று 1930கள் முதல் இரணைமடுக் குளத்தின் கீழ் குடியமர்ந்தவர்களுக்கு நாற்சார் கட்ட வசதி இருக்கவில்லை. ஒரு அறை, ஒரு விறாந்தை, தனியே ஒரு குசினி. பிள்ளை பிறந்தாலோ நெல் நன்றாக விளைந்தாலோ ஒரு பத்தி இறக்குவார்கள். அந்தப் பத்தி சில ஆண்டுகளில் அறையாகும். அதன் அருகே இன்னொரு பத்தி இறங்கும். எங்கள் பேரனார் கட்டிய வீடும் இவ்வாறே நாற்பது ஆண்டுகளில் வளர்ந்தது.

2008இன் இறுதியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2009 தை 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது. 2010இல் அக்கா திரும்பியபோது கிணறும் அத்திவாரமும் மட்டுமே எஞ்சியிருந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தில், பயனாளிகளே கட்டிக்கொள்ளும் முறையில், 5,50,000 ரூபாய் தவணை தவணையாகக் கிடைத்தது. 550 சதுர அடி வீடு. சீற்றுக் கூரையின் வெப்பத்துக்கு அஞ்சிப் பகலெல்லாம் யன்னலைச் சாத்தி வைப்பதே அக்காவின் வழக்கம். மகன் கண்ட இருட்டு அதுதான்.

ஆயினும் அந்த வீட்டில் ஒரு நன்மை இருந்தது. அதற்குப் பத்தி இறக்கலாம். 2015–16 காலத்தில் வடக்கு, கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை, ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் செலவில், தயார் நிலையில் கொண்டுவந்து பொருத்தும் திட்டம் ஒன்றை அரசு முன்வைத்தது. அது இந்நாட்டு வெப்பத்துக்கு ஒவ்வாது என்றும், குடும்பம் பெருகும்போது விரித்துக் கட்ட இயலாதது என்றும் வல்லுநர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். அறிவித்தபடி அது நிறைவேறவில்லை. வளர முடியாத வீடு வன்னியில் வீடாகக் கொள்ளப்படுவதில்லை என்பதே அந்த விவாதத்தில் நான் கற்றது.

இவ்வளவையும் படித்தபின், யாரும் அதுவரை கேட்டிராத ஒருவரிடம் கேட்டேன்.

"கண்ணாடிக்குள்ள இருந்து நான் என்னடா செய்யிறது?" என்றார் அக்கா. "பழைய வீட்டில ஒவ்வொரு செல்லுக்கும் முதல் உடைஞ்சது கண்ணாடிதான். ஒவ்வொரு முறையும் கூட்டி அள்ளினது நான். குசினியோட சேர்த்து, கிழக்குப் பக்கம் ஒரு பத்தி இறக்கித் தரச் சொல்லு. போறவாற சனத்தோட கதைச்சுக்கொண்டு இருக்கலாம்."

மருமகனுக்கு இதனை அப்படியே எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் புதிய வரைபடம் வந்தது. வலயங்கள் மூன்றும் அப்படியே இருந்தன. வீட்டோடு ஒட்டி, அரைச் சுவரும் சிமெந்துத் திண்ணையுமாய் இருக்கும் இடம். நடுவே அடுப்பும் அம்மியும். வெளியோரம் நிழல்வலையின் கீழ் கறிவேப்பிலையும் மிளகாயும் பூச்சாடிகளும். காலை வெயில் மட்டும் உள்ளே வரும். மதியத்துக்குப் பின் வீட்டின் நிழலே பத்தியில் விழும். கூரைக்கு ஓடு. ஓடுகளுக்கிடையே நான்கு இடங்களில் மட்டும் கட்டம் போட்டு 'கண்ணாடி ஓடு' என்று தமிழில் எழுதியிருந்தான்.

மேசனிடம் காட்டினேன். நான்கு வேண்டாம், இரண்டு போதும், வெயில் கூட என்றார். அக்காவிடம் கேட்டோம். "பிள்ளை நாலு எண்டு எழுதியிருக்கிறான், நாலும் வைக்கட்டும்" என்றார்.